விரல் நுனிக் குறுகுறுப்பும் குண்டலினியும்

கேள்வி: எனக்கு 43 வயது. நாள் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சில வாரங்களாக ஒரு காணொளியைப் பார்த்துக் குண்டலினி யோகா செய்துவருகிறேன். வேகவேகமாக மூச்சுவிட்டு, பிறகு மூச்சை அடக்கி, முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்தை இறுக்கச் சொல்கிறார்கள். மூன்றாவது நாளே விரல் நுனிகளில் குறுகுறுப்பு வந்தது, உதடு மரத்துப்போனது, தலை லேசாகி மிதப்பது போல் இருந்தது. குண்டலினி எழும்பத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். தோழியிடம் சொன்னதும், குரு இல்லாமல் இதைச் செய்தால் புத்தி பேதலித்துவிடும் என்று பயமுறுத்திவிட்டாள். நான் தொடர்வதா, நிறுத்துவதா? தொடர்வதென்றால் எதிலிருந்து தொடங்குவது? எந்தச் சக்கரத்தில் முதலில் கவனம் வைப்பது? குரு கட்டாயம் வேண்டுமா? பயிற்சி கைகூடிவிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேக மூச்சையும் மூச்சடக்குவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். யோகத்தை நிறுத்த வேண்டியதில்லை. உங்களுக்குள் எழுந்திருக்கும் ஆர்வம் நல்ல ஆர்வம்; அது தவறான வாசல் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் குறுகுறுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிற பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வேகவேகமாக மூச்சுவிடும்போது தேவைக்கு மேல் கரியமில வாயு உடலை விட்டு வெளியேறுகிறது. ரத்தத்தில் அதன் அளவு குறைந்ததும் ரத்தத்தின் காரத்தன்மை சற்று ஏறுகிறது. அப்போது ரத்தத்தில் தனியாக உலவும் கால்சியத்தின் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகள் சிறு காரணத்துக்கும் சிலிர்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகின்றன. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பும் மரத்துப்போவதும் இதனால் வருபவை. அதே நேரத்தில் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை லேசாகிறது. கடும் பதற்றத்தில் மேல்மூச்சு வாங்குகிறவருக்கும் இதே அறிகுறிகள் வரும். சாதாரணமாக மூச்சுவிட ஆரம்பித்தால் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். அதைக் குண்டலினி என்று எடுத்துக்கொண்டால், அடுத்த நாளும் அதையே தேடி இன்னும் வேகமாக மூச்சுவிடத் தோன்றும். எனக்குக் கவலை தருவது அதுதான்.

ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூச்சை உள்ளே நிறுத்திக்கொண்டு அடிவயிற்றையும் மூலாதாரத்தையும் இறுக்கும்போது மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அழுத்தம் கூடுகிறது. ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, விடும்போது திடீரென்று இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு, கண் அழுத்த நோய், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கும் இதையேதான் சொல்வேன். பொறுப்பான ஆசிரியர் யாராக இருந்தாலும் முதல் நாளே இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். காணொளியால் கேட்க முடியாது.

உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை உண்டு. கோபி கிருஷ்ணா என்ற காஷ்மீரத்துக்காரர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே பல ஆண்டுகள் தானாகத் தியானம் செய்துவந்தார். 1937ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் காலை, தியானத்தில் இருந்தபோது ஒளி வெள்ளம் முதுகுத்தண்டின் வழியே தலைக்கு ஏறியதாக உணர்ந்தார். பேரானந்தம் என்று தொடங்கிய அது தூக்கமின்மை, உடலுக்குள் தாங்க முடியாத எரிச்சல், பசியின்மை, மனக் குழப்பம் என்று அவரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. அவரே இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். எனவே ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் ஆண்டுக்கணக்கில் விடியற்காலை வேளைகளில் மணிக்கணக்காக ஒருமுகப்பட்டுக் கிடந்தவர். நிமிர்ந்து உட்கார்ந்து, மெல்ல மூச்சுவிட்டு, மந்திரம் ஒன்றைச் சொல்வதால் மட்டும் யாருக்கும் புத்தி பேதலித்துவிடுவதில்லை. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்களுக்கு நீங்களே மறைக்காமல் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கோ, உங்கள் ரத்த உறவில் யாருக்கோ மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவை இருந்ததுண்டா? இருந்தால் தீவிர மூச்சுப் பயிற்சி, நீண்ட நேரத் தியானம், தூக்கத்தைக் குறைத்து உபவாசம் இருந்து செய்கிற முகாம்கள் எல்லாவற்றையும் மனநல மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்த அழுத்தத்தைச் சொல்வது போலவே இதையும் ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? யோக மரபு என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரத்தில் மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு கிடக்கும் ஆற்றல்தான் குண்டலினி. இடகலை, பிங்கலை நாடிகளுக்கு நடுவே சுழுமுனை. அதன் வழியே சுவாதிட்டானம், மணிபூரகம், அனாகதம், விசுத்தி, ஆக்ஞை (ஆக்கினை) என்ற சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து உச்சந்தலைக்கு ஏறுதல். அறுவை சிகிச்சைக் கத்திக்குச் சுழுமுனை அகப்பட்டதில்லை. அதற்காக அது பொய் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பாது. தங்கள் உள் அனுபவத்தை உற்றுக் கவனித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்து வைத்த படம் அது. நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் இப்போதே முடிவுகட்ட வேண்டிய தேவையும் இல்லை. அந்த மரபே முதலில் கேட்பது இரண்டுதான்: அசையாமல் உட்காரத் தெரிய வேண்டும், மூச்சை அவசரமில்லாமல் விடத் தெரிய வேண்டும். உங்கள் முதல் சில மாதங்கள் முழுக்க இவற்றுக்கே போகட்டும். எழுப்புகிற வேலை எதுவும் அதில் இருக்காது. ஏமாற்றமாக இருக்கலாம், ஆனாலும் இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

உட்காருவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாற்காலியிலேயே காலத்தைக் கழிக்கும் நம் உடலுக்குத் தரையில் சம்மணமிடுவது இயல்பாக வருவதில்லை. இடுப்பு பின்பக்கம் சாய்ந்து, கீழ் முதுகு வளைந்து, அதை ஈடுகட்டக் கழுத்து முன்னால் நீளும். இப்படிச் செய்து பாருங்கள். ஒரு போர்வையைக் கெட்டியாக மடித்து, அதன் முன்விளிம்பில் மட்டும் உட்காருங்கள். முழங்கால்கள் இடுப்பை விடத் தாழ்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே தூக்கி நின்றால் இன்னொரு மடிப்பு சேருங்கள். தாழும் வரை சேருங்கள். பிறகு ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கீழ் முதுகைத் தொடுங்கள். அங்கே உள்வாங்கிய மெல்லிய குழிவு தெரிய வேண்டும். முதுகெலும்பின் முடிச்சுகள் வெளியே துருத்தினால் இடுப்பு இன்னும் பின்னால் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மார்பை மட்டும் விடைத்து நிமிர்ந்தால் சிறிது நேரத்திலேயே முதுகு சூடாகி வலிக்கும். அந்தச் சூட்டையும் சிலர் சக்தி ஏறுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். தசை களைத்துப்போனதன் சூடு அது. கால் மரத்துப்போவதும் நரம்பு அழுந்துவதால் வருவது. மரத்தால் காலை நீட்டித் தேய்த்துவிட்டு, மறுபடி உட்காருங்கள். தரையில் முடியவே இல்லையென்றால் நாற்காலியில், முதுகு சாயாமல், இரண்டு பாதங்களும் தரையில் பதிய உட்காரலாம். அதனால் பயிற்சிக்கு ஒரு குறைவும் இல்லை.

உட்கார்ந்ததும் கைகளால் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுக்கும்போது இடுப்பை முன்னால் உருட்டி மார்பை விரித்து, விடும்போது இடுப்பைப் பின்னால் உருட்டி முதுகை வளைத்து, மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் செய்யுங்கள். குண்டலினி வகுப்புகள் பலவற்றில் இதை வேகமாகச் செய்வார்கள். நீங்கள் உங்கள் மூச்சின் வேகத்தைத் தாண்ட வேண்டாம். தலை ஆடாமல், பார்வை ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கணினி முன்னால் இறுகிப்போன முதுகுக்கு இதைப் போல் நல்லது வேறில்லை.

அடுத்தது மூச்சு. ஓய்வில் இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 தடவை மூச்சுவிடுகிறோம். அதை மெல்ல மெல்ல ஆறு வரை கொண்டுவருவதுதான் உங்கள் முதல் படிப்பு. ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிறு முன்னால் வர வேண்டும், வெளியேறும்போது உள்ளே தாழ வேண்டும். எளிதாகத் தோன்றும், ஆனால் மூச்சை இழுக்கும்போதே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அக்கினி மூச்சு என்று சொல்லப்படும் வேக மூச்சுக்கு அப்படித் தலைகீழான மூச்சோடு போனால் படபடப்பு மட்டுமே மிஞ்சும். வயிற்றின் அசைவு சரியானதும் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நடுவில் எங்கும் நிறுத்த வேண்டாம். மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடல் தளர்கிறது. உள்மூச்சைப் பெரிதாக்கத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். வெளிமூச்சில் அக்கறை காட்டுகிறவர்கள்தான் சீக்கிரம் அமைதிக்கு வருகிறார்கள். என் வகுப்பில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இது.

திருமூலர் 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது கால அளவு) இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடும் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நேரே 64க்குப் போகிறவர்கள் உண்டு. அது பழுத்த சாதகருக்கான கணக்கு. சிங்கம், யானை, புலி இவற்றைப் பழக்குவது போல மூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது சாதகனையே கொன்றுவிடும் என்று ஹடயோக நூலும் எச்சரிக்கிறது. முன்னோர்கள் அவசரத்தைப் புகழ்ந்ததே இல்லை.

நான்குக்கு ஆறு இயல்பாக வந்ததும் நாடிசுத்தி சேர்க்கலாம். வலது கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடதில் இழுத்து, மோதிர விரலால் இடதை மூடி வலதில் விட வேண்டும். பிறகு வலதில் இழுத்து இடதில் விட வேண்டும். இங்கும் மூச்சை நிறுத்தக் கூடாது. சளி பிடித்து ஒரு நாசி அடைத்திருக்கும் நாட்களில் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

பிறகு மந்திரம். ஓங்காரமோ, உங்கள் இஷ்ட தெய்வத்தின் பெயரோ, நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நெடிலோ போதும். வாய்விட்டு, நீட்டிச் சொல்லுங்கள். எண்ணாமலே வெளிமூச்சு நீண்டுவிடும். மார்பிலும் மண்டையிலும் அதிர்வு தெரியும். மனம் ஓடுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு வெறுமனே உட்காருவதை விட இது எளிது. கடைசியில் கட்டாயம் மல்லாந்து படுத்துச் சில நிமிடம் சவாசனம். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இதுதான், வெட்டவே கூடாததும் இதுதான். எல்லாம் சேர்ந்து 20 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வயிறு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரம்ம முகூர்த்தம் சிறந்தது என்பார்கள். இரவு தாமதமாகப் படுத்துவிட்டு அதற்காகத் தூக்கத்தைப் பறிகொடுப்பதாக இருந்தால் வேண்டாம். தூக்கம் போன பிறகு செய்கிற தியானம் நரம்புகளைத்தான் தேய்க்கும்.

எந்தச் சக்கரத்தில் முதலில் கவனம் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். இதில் மரபுகள் ஒன்றுபோல் இல்லை. சில வழிகள் மூலாதாரத்திலிருந்து மேலே போகின்றன. 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷியின் எளிய முறையில் ஆசிரியர் புருவ மத்தியில் தொட்டு ஆக்கினையில் தொடங்கிவைப்பார். ஆனால் அந்த முறையிலேயே, மேலே எழுந்த அழுத்தத்தைத் தணிக்க மனத்தை மீண்டும் மூலாதாரத்துக்குக் கொண்டுவரும் சாந்தி தவமும் உண்டு. ஏற்றுவதோடு இறக்கவும் கற்றுத்தருகிற வழி என்பதால் எனக்கு அதில் மதிப்பு அதிகம். நீங்கள் எந்த வழியில் போனாலும் ஒன்றில் நில்லுங்கள். ஒருவரிடம் மூலாதாரம், இன்னொரு காணொளியில் ஆக்கினை, மூன்றாவது இடத்தில் வேக மூச்சு என்று கலப்பதுதான் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். இப்போதைக்குச் சக்கரங்களை விட்டுவிட்டு வயிற்றின் அசைவிலேயே கவனத்தை வையுங்கள். கவனம் கீழே இருக்கும் வரை தலை கனக்காது.

குரு கட்டாயமா? மேலே நான் எழுதிய அளவுக்கு வேண்டாம். வேக மூச்சு, கும்பகம் (மூச்சை அடக்குதல்), பந்தங்கள் (மூலாதாரம் போன்ற இடங்களை இறுக்கிப் பிடித்தல்), சக்கர தியானம் என்று வரும்போது நேரில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிற ஆசிரியர் கட்டாயம் வேண்டும். உங்களுக்கு அவற்றில் முதல் மூன்றும் மருத்துவரின் சம்மதத்தோடுதான். ஆசிரியர் என்றுதான் சொல்கிறேன். குரு என்ற சொல்லுக்குரிய சரணாகதியை யாருக்கும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இன்று உலகெங்கும் குண்டலினி யோகா என்ற பெயரில் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி, 1969 முதல் அமெரிக்காவில் யோகி பஜன் பரப்பிய முறை. அவர் 2004இல் மறைந்தார். அவர் வழிவந்த அமைப்புகளே வெளியாரை நியமித்து நடத்திய விசாரணையின் அறிக்கை 2020இல் வெளிவந்தது. அவர்மீது சொல்லப்பட்ட பாலியல் அத்துமீறல் புகார்களில் பல உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அது முடிவு சொன்னது. அந்தப் பயிற்சிகளால் பயன்பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. பயிற்சியை மதிப்பதும் கற்றுக்கொடுத்தவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்குவதும் வேறுவேறு. வகுப்புக்குப் போனால் கவனியுங்கள்: உங்கள் நோய், மருந்து பற்றிக் கேட்டாரா? தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்டாரா? ‘இதை நான் செய்யவில்லை’ என்று நீங்கள் சொன்னால் முகம் மாறாமல் ஏற்றுக்கொண்டாரா? இத்தனை நாளில் எழுப்பித் தருகிறேன் என்று நாள் குறித்துப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்க்க ஆசை வரும். ஒளி, சிலிர்ப்பு, உடல் துள்ளல் இவை வந்தாலும் வராவிட்டாலும் கணக்கில் சேர்க்காதீர்கள். உடல் லேசாக உதறினால் கண்ணைத் திறந்து, மூச்சை அதன் போக்கில் விட்டு, எழுந்து நடங்கள். படுத்ததும் தூக்கம் வருகிறதா, வேலையில் எரிச்சல் வந்தால் முன்பை விடச் சீக்கிரம் தணிகிறதா, எண்ணாமல் இருக்கும்போதும் மூச்சு நிதானமாக இருக்கிறதா என்று பாருங்கள். இவை மாறினால் பயிற்சி வேலை செய்கிறது. மாறாக, பல இரவுகள் தூங்காமலே களைப்பு தெரியாமல் இருப்பது, எண்ணங்கள் நிற்காமல் ஓடுவது, குரல்கள் கேட்பது, தனக்கு மட்டும் ஏதோ சிறப்புச் சக்தி வந்துவிட்டதாகத் தோன்றுவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘இது விழிப்பின் அறிகுறி, தாங்கிக்கொள்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைசியாக மாத்திரை. நீங்களாக விட்டுவிடக் கூடாது. சில ரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததையும் தாண்டி எகிறிவிடும். மெதுவான மூச்சுப் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் பலருக்கு அழுத்தம் ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் மாத்திரையின் அளவைக் குறைப்பதா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு உதவியாக, வீட்டில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். பயிற்சி முடிந்த கையோடு அளக்காதீர்கள். அப்போது வழக்கத்தை விடக் குறைவாகக் காட்டக்கூடும். வேறொரு நேரத்தில், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அளந்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும். சவாசனத்திலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, சற்று உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். எழுந்து நிற்கும்போதெல்லாம் தலை சுற்றினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.